மேகலா என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினாள்

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். வாங்கிய அரைக் கிலோ மைசூர்பாகில் கால் கிலோவுக்கு மேல் அப்படியே இருக்கிறது. பத்து மணிக்குக் கூரியர்காரர் பெல்லை அடித்தார். ஆறு வருடம் எழுதிய நாவல், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், உடம்பெல்லாம் சிவப்பு மையோடு வீடு திரும்பியிருக்கிறது.

மேலே ஜெசிந்தாவின் கடிதம். ஜெசிந்தா பதிப்பகத்தின் எடிட்டர், சென்னையில் இருக்கிறாள். முப்பத்துநாலு வயது. என்னிடம் தாவரவியல் படித்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்திருப்பேன். மேகலா நன்றாக வந்திருக்கிறாளாம். மேகலாவின் அம்மா, அண்ணன், எதிர்வீட்டு டெய்லர் எல்லோரும் நன்றாக வந்திருக்கிறார்களாம். "தனபால் மட்டும் ஆளாக வரவில்லை மேடம். இவ்வளவு பெரிய நாவலில் வில்லனாக நடமாடுகிற மனிதருக்கு ஒரு தடவைகூடப் பசிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாள்.

கதை இதுதான். மேகலா நாற்பத்தெட்டு வயதில் முதல் புத்தகம் போடுகிறாள். வெளியீட்டு விழா நடக்கும்போது ஊரில் அவளுடைய அம்மா சாகக் கிடப்பதாகப் போன் வருகிறது. புருஷன் தனபால் பொறாமையில் அதை மறைத்துவிடுகிறான். மேகலா போய்ச் சேர்வதற்குள் அம்மா போய்விடுகிறாள். அன்றோடு அவள் அவனை விட்டுவிடுகிறாள். இதில் அவனுக்குப் பசித்தால் என்ன, பசிக்காவிட்டால் என்ன?

டிசம்பர் பத்துக்குள் திருத்தி அனுப்பினால் ஜனவரி புத்தகக் காட்சிக்கு வருமாம். இல்லாவிட்டால் அடுத்த வருடம். எனக்கு ஐம்பத்தொன்பது. அடுத்த வருடம் அடுத்த வருடம் என்று தள்ளிப்போட இது ரேஷன் கார்டு திருத்தம் இல்லை.

தனபால் முழுக்கக் கற்பனைப் பாத்திரம். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 24, வெள்ளி

கட்டின் அடியில் பிழை திருத்துபவர் எழுதிய ஒரு பட்டியலும் இருந்தது. கோதண்டம் என்று பெயர். எழுத்தைப் பார்த்தால் வயதானவர் போலிருக்கிறது. ஒற்றுப்பிழைகளை விட்டுவிடுகிறேன், அதில் யாரும் யோக்கியர் இல்லை. அவர் தனியாகக் கோடு போட்டிருப்பது வேறு. தனபாலை நான் கதை முழுக்க "வந்தான், போனான்" என்றுதான் எழுதியிருக்கிறேன். இருபத்து மூன்று இடத்தில் மட்டும் அது "வந்தார், போனார்" என்று ஆகியிருக்கிறதாம். "ஒருமை பன்மை மயக்கம். ஆசிரியர் கவனிக்க" என்று எழுதி, பக்க எண்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்.

முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியவள் நான். வெட்கமாகப் போய்விட்டது. தட்டச்சுப் பிழையாக இருக்கும்.

அக்டோபர் 26, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. தனபால் அப்படியே இருக்கிறான்.

அக்டோபர் 28, செவ்வாய்

இருபத்து மூன்று இடத்தையும் திருத்தலாம் என்று பேனாவோடு உட்கார்ந்தேன். ஐம்பத்தேழாம் பக்கம்: "தனபால் ஈரக் குடையை விரித்துக் கூடத்தின் மூலையில் காயவைத்தார்." எண்பத்தெட்டு: "பஸ் வரவில்லை. தனபால் கால் மாற்றி நின்றார்." நூற்று நாற்பது: "ரசத்தை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்." இதெல்லாம் எப்போது எழுதினேன் என்றே தெரியவில்லை.

திருத்துவதற்குள் ஜெசிந்தா போன் செய்துவிட்டாள்.

"மேடம், அந்த இருபத்து மூணு இடத்தையும் மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டே இருக்கேன்."

"மாத்தாதீங்க. கோதண்டம் சார் பிழைன்னு சொல்றாரு. நான் எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துவெச்சுப் படிச்சுப் பாத்தேன். அந்த ஆளு உயிரோட இருக்குறதே அந்த இருபத்து மூணு இடத்துலதான் மேடம். மிச்ச இடத்துல கட்டவுட் மாதிரி நிக்குறாரு."

"எழுத்துப் பிழைம்மா அது."

"கோச்சுக்காதீங்க மேடம். யாரு அவரு?"

யாரும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன்.

நவம்பர் 2, ஞாயிறு

பாத்திரம் முழுமையாக வேண்டும் என்றால் கொடுத்துவிட்டால் போகிறது. மூன்று நாளாகத் தனபாலுக்கு நல்ல குணம் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். முதலில் ஒரு தெருநாய்க்கு பிஸ்கட் போட வைத்தேன். பிறகு அவனுடைய சின்ன வயதில் அப்பாவிடம் பெல்ட் அடி வாங்கியதாக நாலு பக்கம். அதற்குப் பிறகு பழைய பாட்டுக் கேட்டுக் கண் கலங்க வைத்தேன். ஜெசிந்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. "நாய் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது மேடம். பெல்ட் அடி, வாசகர் பாவப்பட வேண்டும் என்று போட்டது. நல்லவரா கெட்டவரா என்பதை விட்டுவிடுங்கள். அன்றைக்குக் காலையில் அவர் என்ன வேலையாக இருந்தார்?"

நாயை எடுத்துவிட்டேன். எழுதும்போதே அதன் மேல் எனக்கும் நம்பிக்கை இல்லை.

ஆறு மணிக்கு அண்ணன் பேசினார். கரூரிலிருந்து ஞாயிறு தவறாமல் பேசுகிறார். இந்த ஃபிளாட்டுக்கு வந்ததிலிருந்து இந்த ஒரு போனை வைத்துத்தான் எனக்குக் கிழமை தெரிகிறது.

நவம்பர் 5, புதன்

ஜெசிந்தா எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாள். புத்தகத்தில் சேர்க்க வேண்டாமாம். விழா நடந்த நாளைத் தனபாலின் பக்கமிருந்து எழுத வேண்டும், எழுந்ததிலிருந்து படுத்தது வரை. அவன் கெட்டவன் என்று எங்கேயும் சொல்லக் கூடாது. "ஏன்னா மேடம், அவருக்கு அவரு கெட்டவர்னு தெரியாதுல்ல?" என்கிறாள்.

கேஸ் சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டர் சரியாக உட்காரவில்லை. கொண்டு வந்தவரையே மாட்டிக் கொடுக்கச் சொன்னேன்.

நவம்பர் 8, சனி

இன்று ஒரே மூச்சில் ஒன்பது பக்கம். கை வலிக்கிறது.

தனபால் நாலரைக்கு எழுகிறார். தண்ணீர் வரும் நாள், தொட்டியை நிரப்புகிறார். மின்வாரியத்தில் லீவு சொல்லியாகிவிட்டது. மேகலாவின் பட்டுப்புடவைக்கு இஸ்திரி போடும்போது மேலே தன்னுடைய பழைய வேட்டியை விரித்துக்கொள்கிறார், ஜரிகை கருகிவிடும் என்று. அவருக்குப் புதுச் சட்டை. கடையில் மடித்த மடிப்பு நெஞ்சில் அப்படியே கட்டம் கட்டமாகத் தெரிகிறது, அதை அவர் கவனிக்கவில்லை. மேகலா மேடையில் உட்கார வேண்டும் என்பதால் அவளுடைய செல்போனும் மூக்குக்கண்ணாடிக் கூடும் அவருடைய சட்டைப் பையில். பை தொங்குகிறது. மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்காருகிறார். பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், "பேசறது எங்க வீட்டுலீங்க" என்கிறார்.

படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒன்பது பக்கத்திலும் ஒரு "ன்" கூட இல்லை. எல்லாம் "ர்". திருத்த மனமில்லாமல் விட்டுவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆறு மணிக்கு அண்ணன்.

"அம்மிணி, புஸ்தகம் எப்ப வருது?"

"ஜனவரிங்கண்ணா. திருத்தம் போயிட்டிருக்குது."

"அந்தாளப் பத்தி நல்லா எழுதியிருக்கறயா? படிக்கறவன் காறித் துப்போணும்."

"கதைங்கண்ணா அது."

"கதைதான், கதைதான். எனக்குத் தெரியாதா? அம்மா செத்துக் கெடக்குது, மூணு மணி நேரம் அந்த போனைப் பையில வெச்சுட்டுச் சும்மா உக்காந்திருந்தானே. சட்டையப் புடிச்சுக் கேட்டேனே, அப்பக் கூட வாயத் தொறந்தானா? ஒரே ஒரு வார்த்தை சொன்னானா? தப்புப் பண்ணுனவன் எங்க பேசப் போறான்."

"இல்லீங்கண்ணா. பேசலை."

"நானிருக்கறேன் உனக்கு. எழுது நீ."

அண்ணன் அப்படித்தான். அம்மா போன பிறகு பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் திரும்பிப் போகமாட்டேன் என்றபோது ஒரு கேள்வி கேட்கவில்லை. மாடி ரூமைக் காலி செய்து கொடுத்தார். கோயமுத்தூருக்கு மாறுதல் வாங்க மூன்று முறை சென்னைக்கு அலைந்தார். அண்ணன் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

தனபால் கற்பனைப் பாத்திரம் என்று அக்டோபர் 23ஆம் தேதி எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும். அப்படி எழுதியவளும் நான்தான்.

அவர் பெயர் சென்னியப்பன். ஈரோடு பக்கம் கோபியில் இருக்கிறார்.

நவம்பர் 14, வெள்ளி

ஒன்பது பக்கத்தையும் ஜெசிந்தா படித்துவிட்டாள். குரலில் அவ்வளவு குஷி. "பசி கூட வந்துருச்சு மேடம்!" என்றாள். மண்டபத்தில் காபி தீர்ந்துபோய் அவர் வெறும் டம்ளரோடு திரும்பி வருகிற இடத்தைச் சொல்கிறாள்.

பிறகு ஆரம்பித்தாள்.

"ரெண்டு சந்தேகம் மேடம். மொதல்ல, போன் வர்றது பத்து அம்பதுக்கு. அம்மா சாகுறது சாயங்காலம் அஞ்சு மணிக்கு. ஆறு மணி நேரம் இருக்கு. ஒரு மனுஷன் அவ்வளவு நேரம் சும்மா உக்காந்திருப்பானா? இவரு உக்கார மாட்டாரு மேடம். ஜரிகை கருகிடும்னு வேட்டி விரிக்குற ஆளு."

"ரெண்டாவது?"

"வீட்டுலேருந்து கெளம்புறாங்க. மேகலா அந்த ஒம்பது பக்கத்துல ஒரு வார்த்தை பேசல. நாவல்லயும் அந்தக் காலைல அவ பேசல, இப்பதான் கவனிச்சேன். மேகலா பேசாத பக்கமே கெடையாது மேடம். தூக்கத்துலகூடப் பேசுறா. அன்னிக்கு மட்டும் ஏன் ஊமையா இருக்கா? என்ன சொல்லிட்டுக் கெளம்புனா?"

"அவசரம்மா. எட்டு மணிக்குக் கார் வந்துருச்சு."

"அவசரத்துலதான் மேடம் ஆளுங்க நெறையப் பேசுவாங்க."

அவளுக்கு என்ன, கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள்.

நவம்பர் 15, சனி

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பதினோரு வருடம் ஆகிவிட்டது, யாருக்குத்தான் நினைவிருக்கும்?

புடவை மயில் கழுத்து நிறம். காலையில் ரவை உப்புமா, அடி பிடித்துவிட்டது. பிடிக்காத மேல்பாகத்தை எனக்கு எடுத்து வைத்துவிட்டு அவர் அடியைச் சுரண்டிச் சாப்பிட்டார். தலையில் வைத்த மல்லிகை இரண்டு முழம். அடுப்படி ஜன்னலில் வெயில் நேராக மிக்ஸி மேல் விழுந்துகொண்டிருந்தது. கார் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

பேசியது மட்டும் நினைவில்லை.

நவம்பர் 20, வியாழன்

முதல் சந்தேகத்துக்குப் பதில் எழுதிவிடுகிறேன். அம்மா சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாகவில்லை. காலை பத்தரைக்கே போய்விட்டாள். அண்ணன் பத்து ஐம்பதுக்கு என் செல்போனுக்கு அடித்தார். அதை எடுத்தவர் அவர். அப்போது நான் ஈரோட்டில் மண்டபத்து மேடையில் உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருந்தாலும் அம்மாவை உயிரோடு பார்த்திருக்க முடியாது. சொல்லாததால் நான் இழந்தது இரண்டரை மணி நேரம்தான். கதைக்கு அது போதவில்லை. அதனால் அம்மாவை ஐந்து மணி வரை உயிரோடு வைத்தேன்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் நான் பேசினேன். கைதட்டினார்கள். பொன்னாடை போட்டார்கள். எல்லோரையும் நிற்க வைத்து போட்டோ எடுத்தார்கள், அதில் நான் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா செத்து இரண்டு மணி நேரம் கழித்து அந்தச் சிரிப்பு. ஒன்றேகாலுக்கு மண்டபத்தின் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். எல்லோரும் பார்க்க, ஏன் அப்பவே சொல்லவில்லை என்று கத்தினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பதில் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பார்வை இன்னும் தாங்க முடியாததாக இருக்கிறது. அதில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் ஏன் பேசவில்லை என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

நவம்பர் 26, புதன்

ஆறு நாளாகக் காய்ச்சல். நூற்றொன்று. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து இன்று வரை நான் வாய் திறந்து பேசியது, தண்ணீர் கேன் கொண்டுவந்தவரிடம் "உள்ள வெச்சிருங்க" என்று ஒரு தடவை, ஞாயிறன்று அண்ணனிடம் "தொண்டை கட்டியிருக்குங்கண்ணா, அப்பறம் பேசறேன்" என்று ஒரு தடவை. இதைக் கணக்குப் பார்த்தபோது அழுகை வந்தது. மேல் மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அந்தச் சத்தம் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எனக்கு இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

காய்ச்சல் இறங்கிவிட்டது. கஞ்சி.

டிசம்பர் 1, திங்கள்

மேகலாவுக்கு வசனம் எழுதிப் பார்க்கிறேன்.

"போலாமுங்களா?" பொய். "எனக்குப் பயமா இருக்குதுங்க." பொய், மேகலாவுக்கு அன்று பயமே இல்லை. "கண்ணாடிய எடுத்துக்கிட்டீங்களா?" இது அவள் சொல்லக்கூடியதுதான். ஆனால் இதைச் சொல்லிவிட்டு அவள் காரில் ஏறவில்லை. எழுதினால் பேனாவே நம்ப மாட்டேன் என்கிறது. பதினேழு வரி எழுதி அடித்திருக்கிறேன்.

பத்தாம் தேதிக்கு ஒன்பது நாள். மேகலாவைப் பேசாமலே கிளம்ப விட்டுவிடுங்கள், யாருக்கும் தெரியாது என்று ஜெசிந்தாவிடம் சொல்லலாம். அவளுக்குத் தெரிந்துவிடும்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். பால்கனியில் ஐந்து அகல் ஏற்றிவிட்டு மேசைக்கு வந்தேன். வழி மாற்றிப் பார்க்கலாம் என்று மேகலாவை விட்டுவிட்டுத் தனபாலைப் பிடித்தேன். போன் வந்துவிட்டது. மண்டபத்துக்கு வெளியே நிற்கிறார். அத்தை போய்விட்டார்கள் என்று மச்சான் அழுகிறார். உள்ளே மைக்கில் மேகலாவின் பெயரைச் சொல்கிறார்கள். அவர் கதவு வரை போகிறார். கதவில் கை வைத்துவிட்டு நிற்கிறார். ஏன் நிற்கிறார்?

எழுதினேன்: "காலையில் அவள் சொன்னது அவருக்கு நினைவு வந்தது."

அதற்கு அடுத்த வரியும் தானாக வந்தது. இங்கேயும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எழுதமாட்டேன்.

அம்மா எட்டு மாதமாகப் படுக்கையில். "உடனே கெளம்பி வா" என்று மூன்று முறை போன் வந்து, மூன்று முறையும் ஓடி, மூன்று முறையும் அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். முதலில் குறித்த விழாத் தேதி அப்படித்தான் தள்ளிப்போனது. இரண்டாவது தேதி அன்று காலை அடுப்படியில், செல்போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் சொன்னேன்: "கரூர்ல இருந்து எந்த போன் வந்தாலும் எங்கிட்டச் சொல்லாதீங்க. நான் பேசி எறங்கற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்."

அவர் கேட்டார், "என்னவா இருந்தாலுமா?"

"என்னவா இருந்தாலும்" என்றேன்.

டிசம்பர் 4, வியாழன்

எழுதியதைப் படித்துப் பார்க்கவில்லை. நோட்டை மூடியே வைத்திருந்தேன்.

டிசம்பர் 6, சனி

இரண்டு நாளாக வேறொரு சந்தேகம் பிடித்து ஆட்டுகிறது. அந்த வரியை நான் சொன்னேனா, இல்லை இப்போது எழுதினேனா? ஆறு வாரமாக இந்த மனிதரை ஆளாக்கிக் காட்ட வேண்டும் என்று மல்லுக்கட்டுகிறேன். கதவருகில் அவர் நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, மனசு ஒன்றைச் செய்து கொடுத்திருக்கலாம். அம்மாவை ஐந்து மணி வரை உயிரோடு வைத்திருந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

ஆனால் ஜன்னல் வெயிலும் மிக்ஸியும் நினைவிருக்கிறதே. அடுப்படியில் வேலை முடிந்து கார் வந்து நின்ற பிறகு அங்கே நான் எதற்கு நின்றேன்?

சொன்னதுதான் நிஜம் என்றால், பதினோரு வருடமாக நான் அவரை விட்டு வந்ததற்கு ஒரு காரணமும் இல்லை. அண்ணன் சட்டையைப் பிடித்ததற்கும் இல்லை. இது தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

டிசம்பர் 7, ஞாயிறு

அண்ணன் பேசினார். நாவல் முடிந்துவிட்டது என்றேன். புத்தகம் வந்ததும் கரூரில் தெரிந்தவர்களுக்குக் கொடுக்க ஐம்பது பிரதி எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

டிசம்பர் 8, திங்கள்

காலை பதினோரு மணிக்கு கோபிக்குப் போன் செய்தேன். அதே நம்பர்தான். மனப்பாடமாக இருந்தது. மூன்றாவது மணியில் எடுத்தார்.

"ஹலோ."

"நானுங்க."

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன்.

"சொல்லு மணி" என்றார். என்னை மணி என்று கூப்பிட்ட ஒரே ஆள். மற்ற எல்லோருக்கும் நான் வசந்தா, பள்ளிக்கூடத்தில் வசந்தாமணி டீச்சர்.

"ஒண்ணு கேக்கோணும். ஈரோட்டு விழா அன்னிக்கிக் காலைல, கெளம்பறப்ப, நான் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னனுங்களா?"

"எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க."

"ஒண்ணுஞ் சொல்லலியே."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்குது. கார்க்காரன் ஆரன் அடிச்சுட்டே இருந்தான். அடுப்படில நின்னு நீ ஒண்ணுமே சொல்லல மணி."

அடுப்படி என்று நான் சொல்லவே இல்லை.

அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், "அதைப் புஸ்தகத்துல எழுதிட்டனுங்க" என்றேன்.

"எத?"

"நான் சொன்னத. நீங்க ரெண்டாந்தடவ கேட்டத. எல்லாத்தயும்."

"அத எடுத்துரு" என்றார், உடனே. "உங்கண்ணன் படிப்பாரு."

"படிக்கட்டுங்க."

"வெவரம் புரியாமப் பேசாத. அன்னிக்குச் சனம் பூரா சுத்தி நிக்குது, உங்கம்மாவ எடுக்கல இன்னும். இவதான் சொல்ல வேண்டாம்னான்னு அப்ப நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்கண்ணன் உன்ன வாசப்படி மிதிக்க விட்டிருப்பாரா? அதான் பேசாம இருந்துட்டேன். அப்பறம் நீயும் அங்கயே இருக்கறேன்னுட்ட. சரி, அண்ணனாச்சும் இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

நான் அழுதேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. அழுகை முடியும் வரை அந்தப் பக்கத்தில் இருந்தார்.

"எடுத்துரு மணி" என்றார் மறுபடியும். "அவருஞ் சங்காத்தம் உட்டுட்டா அப்பறம் உனக்குன்னு யாரு இருக்கறா?"

உங்களுக்கு யார் இருந்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கிற யோக்கியதை இல்லாததால் கேட்கவில்லை. வைக்கட்டுமா என்றார். சரிங்க என்றேன்.

மத்தியானம் அம்மா சாகும் நேரத்தைப் பத்தரை என்று மாற்றினேன். பொறாமை வருகிற பக்கங்களைக் கிழித்தேன். மேகலா அடுப்படியில் சொன்ன வரியை அவளுடைய வாயிலேயே வைத்தேன், பக்கம் முந்நூற்றுப் பதினொன்று. மூன்றரை மணிக்குக் கட்டை எடுத்துக்கொண்டு போய்க் கூரியரில் போட்டேன். நாளைக்கு ஜெசிந்தாவுக்குக் கிடைத்துவிடும் என்றார்கள். வீட்டுக்கு வந்து அண்ணனுக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை நான் பேசுவது வழக்கமில்லை என்பதால் எடுத்ததுமே, "என்ன அம்மிணி, ஒடம்புக்கு ஏதாச்சுமா?" என்று பதறினார். இல்லீங்கண்ணா, உட்காருங்க, ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.